டாக்காவின் கறுப்பு வெள்ளை: ‘முதல்’ பட்டத்துக்கு முன்னால் 19 பட்டங்கள்

2025 மே மாதத்தில் டாக்கா மொகமதான் ஸ்போர்ட்டிங் கிளப், பங்களாதேஷ் பிரீமியர் லீக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. துரத்திக்கொண்டு வந்த ஆபாஹனி அணி, ஃபோர்ட்டிஸ் அணியிடம் தோற்றதுமே கணக்கு முடிந்துவிட்டது. மூன்று ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே மொகமதான் சாம்பியன். மறுநாள் நான் படித்த செய்திகள் பலவற்றில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: ‘வரலாற்றில் முதல் முறையாக லீக் பட்டம்.’

அந்த வரியைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. 1936இல் பிறந்த கிளப் அது. டாக்கா லீக்கை 19 முறை வென்ற கிளப். பாகிஸ்தான் காலத்தில் ஏழு முறை, பங்களாதேஷ் பிறந்த பிறகு பன்னிரண்டு முறை. அந்த நாட்டில் கால்பந்து என்றாலே டாக்கா லீக்தான் என்றிருந்த ஐம்பது ஆண்டுகளில் பெற்ற வெற்றிகள் அவை. 2007இல் நாட்டின் கால்பந்துச் சங்கம் ‘தொழில்முறை லீக்’ என்று புதிய பெயர்ப்பலகை மாட்டியது. அதற்கு முந்தையதெல்லாம் கணக்கில் வராது என்று ஆகிவிட்டால், அந்த ஐம்பது ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் மைதானத்தில் நின்று கத்திய லட்சக்கணக்கானவர்கள் எதைப் பார்த்துக் கத்தினார்கள்?

சென்னைக்காரனான எனக்கு டாக்கா கிளப்புகளோடு என்ன உறவு என்று கேட்கலாம். எல்லாம் ஒரு தோல்வியில் தொடங்கியது. 2019இல் சென்னையின் எஃப்சி அணி, ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பையில் ஆடியது. சொந்த ஊரில் ஆடும் வாய்ப்புக்கூட அமையவில்லை. ‘உள்ளூர்’ ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. டாக்காவில் நடந்த ஆட்டத்தில் ஆபாஹனி 3-2 என்று நம்மை வென்றது. கடைசி நிமிடங்களில் மாமுனுல் இஸ்லாம் அடித்த கோல் அது. அந்தப் பிரிவில் முதலிடம் பிடித்த ஆபாஹனி, அடுத்த சுற்றில் வட கொரியாவின் ‘ஏப்ரல் 25’ அணியையும் டாக்காவில் 4-3 என்று வென்றது. பிறகு பியாங்யாங்கில் தோற்று வெளியேறியது. ஆபாஹனியின் தடுப்பாட்டத்தில் நின்ற ஆப்கானிஸ்தானின் மசீ சைகானியை அதே ஆண்டு சென்னையின் எஃப்சி தன் அணிக்கே எடுத்துக்கொண்டது. நம்மை வீழ்த்தியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆபாஹனியின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். ஆனால் ஆபாஹனியைப் பற்றி எதைப் படித்தாலும் இரண்டாவது பத்தியில் மொகமதான் வந்து நின்றது. சில மாதங்களில் என் மனம் கறுப்பு வெள்ளைச் சட்டையின் பக்கம் சாய்ந்துவிட்டது. வென்றுகொண்டே இருப்பவர்களைவிட, வென்ற காலத்தை நினைத்துக்கொண்டு காத்திருப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பிடிப்பு உண்டு.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கிருந்த மொகமதான் ஸ்போர்ட்டிங் 1934இல் கல்கத்தா லீக்கை வென்றது. வெள்ளையர் அணிகளும் ராணுவ அணிகளும் மட்டுமே வைத்திருந்த அந்தப் பட்டத்தை இந்தியர்களின் அணி ஒன்று பெற்றது அதுவே முதல் முறை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவர்களே வென்றார்கள். அந்த அலை வங்காளம் முழுவதும் அடித்தது. டாக்காவில் நவாப் குடும்பத்தின் ஆதரவோடு இருந்த ஒரு விளையாட்டுச் சங்கம், 1936இல் அதே பெயரையும் அதே கறுப்பு வெள்ளையையும் எடுத்துக்கொண்டது. பெயர் கடன் வாங்கியதுதான். அதை இருபது ஆண்டுகள் கழித்துத்தான் டாக்கா கிளப் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1950களின் பெரும்பகுதியில் டாக்கா லீக்கை ஆண்டது டாக்கா வாண்டரர்ஸ். 1957இல் மொகமதான் முதல் பட்டத்தை எடுத்தது. அதன் பிறகு 1959, 1961, 1963, 1965, 1966, 1969 என்று அடுக்கிக்கொண்டே போனது.

இந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1971தான்.

கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது எல்லை தாண்டிய கால்பந்து வீரர்கள் சேர்ந்து ‘சுதந்திர வங்காளக் கால்பந்து அணி’யை உருவாக்கினார்கள். பங்களாதேஷ் என்ற நாட்டை உலகம் இன்னும் ஏற்காத நேரம். ஜூலை 25ஆம் தேதி மேற்கு வங்காளத்தின் கிருஷ்ணநகரில் நதியா மாவட்ட அணியோடு முதல் ஆட்டம். தங்கள் கொடியை ஏற்றி, தேசிய கீதம் பாடிய பிறகுதான் ஆடுவோம் என்று வீரர்கள் உறுதியாக நின்றார்கள். இந்தியாவே அந்த நாட்டை அங்கீகரிக்காத நிலையில், மாவட்ட நிர்வாகம் அதற்குச் சம்மதித்தது. அதற்கான விலையையும் கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் தற்காலிகமாகப் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பிறகு அந்த அணி இந்தியாவின் பல ஊர்களில் ஆடி, கிடைத்த பணத்தை விடுதலைப் போருக்குக் கொடுத்தது.

அந்த அணியின் கேப்டன் ஜகாரியா பிந்து, மொகமதானின் தடுப்பாட்டக்காரர். துணைக் கேப்டன் பிரதாப் சங்கர் ஹாஸ்ராவும் மொகமதான் வீரர்தான். கால்பந்தும் ஹாக்கியும் இரண்டுமே ஆடியவர். இந்தப் பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மொகமதான் என்ற பெயர் கொண்ட கிளப்பில், முஸ்லிம் அடையாளத்தோடு தொடங்கப்பட்ட கிளப்பில், ஒரு ஹாஸ்ரா நட்சத்திரமாக இருந்திருக்கிறார். பிறகு பாதல் ராய் வந்தார். 1970களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் அந்தச் சட்டையை மட்டுமே அணிந்து, நடுக்களத்தை ஆண்டு, ரசிகர்களின் கண்மணியாக இருந்தார். பின்னாளில் கால்பந்துச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் ஆனார். 2020இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளை மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு படித்தேன். கிளப்பின் பெயர் அதன் வாசலை ஒருபோதும் குறுக்கவில்லை என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

போருக்குப் போன இன்னொருவர் ஹாஃபிஸுத்தீன் அகமத். பாகிஸ்தான் தேசிய அணிக்கு ஆடிய மொகமதான் முன்களக்காரர், ராணுவ அதிகாரி. 1971இல் பாகிஸ்தானுக்கு எதிராகவே ஆயுதம் எடுத்து, ‘பீர் பிக்ரம்’ என்ற வீர விருது பெற்றார். போர் முடிந்ததும் திரும்பி வந்து மீண்டும் அதே கறுப்பு வெள்ளையில் கோல் அடித்தார். பிறகு கால்பந்துச் சங்கத் தலைவர், அமைச்சர் என்று அவர் வாழ்க்கை வேறு பக்கம் நகர்ந்தது. பிந்து 2024 நவம்பரில் காலமானார். தன் கிளப்பின் அடுத்த லீக் பட்டத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் ஆறு மாதம் தேவைப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. 1972இல் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் மகன் ஷேக் கமால் ஆபாஹனியைத் தொடங்கினார். வான்நீலச் சட்டை, இளைஞர்கள், புதிய பாணி. மொகமதானில் ஆடிக்கொண்டிருந்த காஜி சலாஹுத்தீன் ஆபாஹனிக்குப் போனார். அந்த நாட்டின் முதல் பெரிய கால்பந்து நட்சத்திரம் அவர்தான், ஹாங்காங் லீக் வரை போய் ஆடியவர். 1974இல் ஆபாஹனி முதல் பட்டம் வென்றது. 1975 ஆகஸ்ட் 15இல் முஜிபுர் குடும்பத்தோடு ஷேக் கமாலும் கொல்லப்பட்டார். நிறுவியவரை இழந்தும் ஆபாஹனி பிழைத்தது, வளர்ந்தது. அதற்காக அவர்களை மனதார மதிக்கிறேன். எதிரணிக்காரன் என்பதால் மறைக்க மாட்டேன். 1975, 1976, 1978, 1980, 1982 பட்டங்கள் மொகமதானுக்கு. 1977, 1981 ஆபாஹனிக்கு. பிறகு 1983, 84, 85 மூன்றும் தொடர்ந்து ஆபாஹனிக்கு. இப்படித்தான் ஒரு தலைமுறை முழுவதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுபட்டது.

மொகமதானும் ஆபாஹனியும் மோதும் டாக்கா டெர்பி நாளில் வீட்டு மாடிகளில் கொடி பறக்கும் என்று படித்திருக்கிறேன். ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பு வெள்ளை, தம்பி வான்நீலம். இப்போது உலகக் கோப்பை வந்தால் பங்களாதேஷ் முழுவதும் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் கட்டிக்கொண்டு சண்டை போடுவதைச் செய்திகளில் வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கட்சி பிரிந்து கால்பந்து பார்க்க அந்த ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த வெறியின் கறுப்பு நாளும் உண்டு. 1982 செப்டம்பர் 21. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற தகராறு, மைதானம் முழுவதும் கலவரமாக மாறியது. ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தின் ராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஆபாஹனி வீரர்கள் நால்வர், அவர்களில் சலாஹுத்தீனும் ஆஷ்ரஃபுத்தீன் சுன்னுவும் அடக்கம், கைதாகி வெளியூர்ச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கால்பந்து ஆடியதற்காகச் சிறை! நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரத்துக்குக் கைவிலங்கு. மொகமதான் ரசிகர்களுக்கும் அது மகிழ்ச்சியான நாளாக இருந்திருக்க முடியாது. அதே ஆண்டில்தான் மொகமதானின் அப்துஸ் சலாம் முர்ஷெதி ஒரே லீக் பருவத்தில் 27 கோல்கள் அடித்துச் சாதனை படைத்தார். ஆனால் 1982 என்றாலே டாக்காவில் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிறைதான்.

எனக்கு மிகவும் பிடித்த காலம் 1986இலிருந்து 1989 வரை. தெற்காசியாவில் வேறு எந்தக் கிளப்பும் அந்த நாட்களில் டாக்காவின் இரு கிளப்புகளுக்கு நிகராக ஆசை வைக்கவில்லை என்றுதான் சொல்வேன். ஆபாஹனியின் தடுப்பில் அந்தப் பத்தாண்டில் இலங்கையின் பக்கீர் அலி நின்றார். பின்னாளில் இலங்கைத் தேசிய அணியின் பயிற்சியாளரானவர். 1987இல் ஆபாஹனி ஒரு படி மேலே போய், ஈராக்கிலிருந்து சமீர் ஷாகிரையும் கரீம் முகமதுவையும் கொண்டுவந்தது. இருவரும் முந்தைய ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடியவர்கள்! மொகமதான் நைஜீரியாவின் எமெகா எஸெயுகோவைக் கொண்டுவந்தது. அவர் பிறகு 1988 ஒலிம்பிக்குக்கும் 1994 உலகக் கோப்பைக்கும் நைஜீரிய அணியில் இடம்பெற்றார். அத்தோடு நிற்கவில்லை. 1978 உலகக் கோப்பையில் ஈரானின் கோல்கீப்பராக நின்ற நாசர் ஹெஜாஸியைப் பயிற்சியாளராக அழைத்து வந்தது. உள்ளூரிலும் ஆள்பலத்துக்குக் குறைவில்லை. தடுப்பில் கெய்சர் ஹமீத். சதுரங்க அரசி ராணி ஹமீதின் மகன். நடுக்களத்தில் சப்பீர், ரசிகர்கள் அவரை வங்காளத்தின் மரடோனா என்றார்கள். கோல் கம்பத்தில் கானன்.

1987 லீக்கின் முடிவு கதைகளில்கூட நம்ப முடியாதது. இரு அணிகளும் புள்ளிகளில் சமநிலை. முடிவாட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அரங்கில் நெருப்பு பற்றும் நிலை. இரு அணி வீரர்களும் தாங்களாகவே ‘நாங்கள் கூட்டுச் சாம்பியன்கள்’ என்று அறிவித்துவிட்டு, கைகோர்த்து மைதானத்தைச் சுற்றினார்கள். எனக்கு அது அந்த லீக்கின் மிக உயர்ந்த தருணமாகத் தோன்றுகிறது. ஆனால் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆட்டம் ராணுவ அரங்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல், மூடிய கதவுகளுக்குள் நடத்தப்பட்டது. மொகமதான் 2-0 என்று வென்றது. நாட்டின் மிகப் பெரிய ஆட்டம், அதைப் பார்க்க நாட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

1986இலும் வென்றிருந்த மொகமதான், அடுத்த பருவத்தையும் வென்று தொடர்ந்து மூன்று பட்டங்களை எடுத்துக்கொண்டது. அதைவிடப் பெரியது ஆசிய அரங்கில் நடந்தது. 1988-89 ஆசியக் கிளப் சாம்பியன்ஷிப்பில் மொகமதான், ஈரானின் பெர்செபோலிஸ் அணியை 2-1 என்று வென்றது. ஹெஜாஸி தன் ஊரில் எந்த அணிக்காரர் தெரியுமா? தெஹ்ரானில் பெர்செபோலிஸின் பரம எதிரியான எஸ்தெக்லாலின் நாயகன். தெஹ்ரான் டெர்பியின் பகையை டாக்காவின் கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார் அவர். அந்த ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவைக் கண்டுபிடிக்க முடியாதா என்று நான் தேடாத இடம் இல்லை. இன்று பெர்செபோலிஸ் ஆசியாவின் முன்னணிக் கிளப். பங்களாதேஷ் கிளப் ஒன்று அதை வென்றது என்று சொன்னால் கால்பந்து தெரிந்த நண்பர்களே முதலில் சிரிக்கிறார்கள்.

1993இல் டாக்கா லீக்கின் மேல்தளத்துக்குப் பிரீமியர் டிவிஷன் என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் பட்டமும் மொகமதானுக்கே. பிறகு 1996, 1999, 2002. அத்தோடு நின்றது. இடையில் தொடங்கிய தேசிய லீக்கையும் மொகமதான் வென்றிருக்கிறது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘முதல் முறை’ என்று எழுதியவர்கள் அதையும் மறந்துவிட்டார்கள்.

எங்கே போனார்கள் அந்த ரசிகர்கள்? 1997இல் கோலாலம்பூரில் பங்களாதேஷ் கிரிக்கெட் அணி ஐசிசி டிராஃபியை வென்றது. 1999 உலகக் கோப்பைக்குப் போய்ப் பாகிஸ்தானையே தோற்கடித்தது. 2000இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. முதல் டெஸ்ட் எங்கே நடந்தது? மொகமதானும் ஆபாஹனியும் மோதிக்கொண்ட அதே டாக்கா அரங்கில். தவறு கிரிக்கெட்டின் மேல் இல்லை. ஒரு நாடு தன்னை உலகத்துக்குக் காட்டிக்கொள்ள ஒரு விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் அந்த வாய்ப்பைக் கொடுத்தது, கால்பந்து கொடுக்கவில்லை. 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பங்களாதேஷ் கால்பந்து அணி தங்கம் வென்றதே, அது அதே ஆண்டுதான். இறுதியாட்டத்தில் நேபாளத்துக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர் அல்ஃபாஸ் அகமத். பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர், ஒருகாலத்தில் ஆபாஹனிக்கு ஆடிய சமீர் ஷாகிர். டாக்கா கிளப்புகள் 1980களில் விதைத்தது ஒரு தங்கமாக முளைத்தது. ஆனால் அந்த நேரத்தில் ஊரின் கண் வேறு பந்தின் மேல் இருந்தது.

2007இல் தொழில்முறை லீக் வந்தது. முதல் மூன்று பருவங்களும் ஆபாஹனி சாம்பியன். மூன்றிலும் மொகமதான் இரண்டாம் இடம். 2008, 2009 ஃபெடரேஷன் கோப்பைகளும், 2009இலும் 2013இலும் சூப்பர் கோப்பையும், 2014இல் சுதந்திரக் கோப்பையும் மொகமதானுக்குக் கிடைத்தன. லீக் மட்டும் கை நழுவிக்கொண்டே இருந்தது. பிறகு பட்டியலின் கீழ்ப்பாதிக்கே தள்ளப்பட்ட பருவங்களும் வந்தன. ஷேக் ஜமால், ஷேக் ரஸல் போன்ற அணிகள் பணத்தோடு வந்து பட்டம் எடுத்துப் போயின. 2018-19இல் பசுந்தரா கிங்ஸ் மேல்தளத்துக்கு வந்தது. பின்னால் ஒரு பெரும் தொழில் குழுமம், ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் ஆஸ்கர் புரூஸோன், கோஸ்டா ரிக்காவுக்காக 2018 உலகக் கோப்பையில் ஆடிய கோலின்ட்ரெஸ், பிறகு சொந்த மைதானம். 2023-24 வரை நடந்து முடிந்த ஐந்து பருவங்களில் தொடர்ந்து ஐந்து பட்டங்கள். கிங்ஸ் செய்தது சரியான வேலை. ஒரு கிளப்பை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள்.

மொகமதானில் அப்போது என்ன நடந்தது? 2019 செப்டம்பரில் டாக்காவின் மோதிஜீல் பகுதிக் கிளப்புகளில் போலீஸ் சோதனை நடந்தது. பல கிளப் கட்டடங்களுக்குள் சூதாட்ட விடுதிகள் ஓடிக்கொண்டிருந்தன. சீல் வைக்கப்பட்ட கட்டடங்களில் மொகமதானுடையதும் ஒன்று. கிளப்பின் பொறுப்பு இயக்குநரே கைது செய்யப்பட்டார். பிந்துவும் ஹாஸ்ராவும் ஆடிய கிளப்பின் கூரைக்குக் கீழே சூதாட்ட மேசைகள். சுரங்கம் போலப் பல ஆண்டுகளாக உள்ளே தோண்டப்பட்டிருந்தது அந்த நாளில்தான் வெளியே தெரிந்தது. தொழில்முறை என்று பெயர் வைத்தால் போதாது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். வீரர்களுக்குச் சம்பளம், இளையோர் அணி, பயிற்சித் திடல், கணக்கு வழக்கு எல்லாவற்றுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் இல்லாத இடத்தில்தான் சூது குடியேறுகிறது.

அந்த இருட்டுக் காலத்தில் வந்து சேர்ந்தவர்தான் மாலி நாட்டின் சுலைமான் தியாபாத்தே. மற்ற வெளிநாட்டு வீரர்கள் ஒரு பருவம் ஆடிவிட்டு அதிகப் பணம் தரும் இடத்துக்குப் போனபோது, இவர் ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருந்தார். கேப்டன் ஆனார். ‘மஹாபாகோல்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ரசிகர் கூட்டம் அவரைத் தங்கள் ஊர்ப் பையனாகவே ஏற்றுக்கொண்டது.

2023 மே 30. குமில்லாவில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். எதிரே ஆபாஹனி. மொகமதான் அந்தக் கோப்பையைத் தொட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைவேளையில் ஆபாஹனி 2-0. எல்லாம் முடிந்தது என்று பார்த்தவர்கள் எழுந்திருப்பார்கள். இரண்டாம் பாதியில் தியாபாத்தே ஒன்று அடித்தார். சில நிமிடங்களில் இன்னொன்று. 2-2. ஆபாஹனி மறுபடி முன்னேறி 3-2 ஆக்கியது. தியாபாத்தே மறுபடி, 3-3. கூடுதல் நேரத்தில் பெனால்டியில் அவருடைய நான்காவது கோல். மொகமதான் முதல் முறையாக முன்னிலை, 4-3. அதுவும் நிலைக்கவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஆபாஹனியின் ரஹ்மத் மியா 4-4 ஆக்கினார். அதற்குள் மொகமதானின் கோல்கீப்பர் சுஜோன் காயம்பட்டு வெளியேற, மாற்று கோல்கீப்பர் பிபு வந்து நின்றார். பெனால்டி உதைகள் தொடங்கின. வெளியில் உட்கார்ந்திருந்த பிபுதான் தடுத்தார். 4-2. கோப்பை மொகமதானுக்கு.

தோற்ற ஆபாஹனி அணியில் அந்தப் பருவம் ராஃபேல் அகஸ்டோ ஆடினார். 2018இல் பெங்களூருவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்சிக்காகக் கோல் அடித்த அதே பிரேசில்காரர். அவருக்காக ஒரு காலத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்று அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றேன், மனசாட்சி உறுத்தவில்லை. அந்த இறுதியாட்டத்தைப் பார்க்காதவர்கள் இணையத்தில் தேடிப் பாருங்கள். தெற்காசியக் கிளப் கால்பந்தில் கடந்த பல ஆண்டுகளில் நடந்த மிகச் சிறந்த ஆட்டம் என்று துணிந்து சொல்கிறேன்.

அன்று ஓரத்தில் பயிற்சியாளராக நின்றவர் யார்? அல்ஃபாஸ் அகமத். காத்மாண்டுவில் கோல் அடித்த அதே அல்ஃபாஸ். மொகமதானுக்கு ஆடியவர், அப்போது மொகமதானை நடத்தியவர். கிளப் தன்னைத் தூக்கி நிறுத்த வெளியிலிருந்து யாரையும் தேடவில்லை, தன் பழைய வீரனைக் கூப்பிட்டது. 2023-24 பருவத்தில் அந்த அணி மூன்று போட்டிகளிலும் இரண்டாம் இடம் பெற்றது. லீக், ஃபெடரேஷன் கோப்பை, சுதந்திரக் கோப்பை மூன்றையும் கிங்ஸ் எடுத்துக்கொண்டது. மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்புவது எந்த அணியையும் உடைத்துவிடும். இவர்களை உடைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் நாடே கவிழ்ந்தது. ஆபாஹனியை நிறுவிய ஷேக் கமாலின் அக்கா ஷேக் ஹசீனாவின் ஆட்சி வீழ்ந்தபோது ஆபாஹனி கிளப்பும் தாக்கப்பட்டது. கோப்பைகளும் கொள்ளை போயின. ஷேக் ஜமால், ஷேக் ரஸல் அணிகள் லீக்கிலிருந்தே விலகின. ஆபாஹனி பருவத்தின் முதல் பாதியை வெளிநாட்டு வீரர்கள் இல்லாமலே ஆடியது. ஆகவே மொகமதானின் 2025 பட்டத்துக்கு மதிப்புக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்க மாட்டேன். கிங்ஸ் அப்படியேதான் இருந்தது, பணமும் மைதானமும் குறையவில்லை. முந்தைய இரண்டு பருவங்களில் மொகமதான் ஏறிவந்த பாதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டம் வியப்பாக இருந்திருக்காது. ஆபாஹனியின் கோப்பைகள் கொள்ளை போனது மட்டும் என் மனதை இன்னும் அறுக்கிறது. 1974ஐயும் 1977ஐயும் யார் திருப்பித் தருவார்கள்? எதிரணியின் வரலாறு அழிந்தால் நம் வரலாற்றிலும் பாதி போகிறது. மொகமதான் யாரை வென்றது என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

டாக்கா லீக்கின் கடைசிப் பட்டத்துக்கு 23 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பட்டம் அது. டாக்கா லீக் பட்டங்களோடு சேர்த்து இருபதாவது என்று நான் எண்ணுகிறேன். இங்கிலாந்திலும் 1992இல் பிரீமியர் லீக் என்று பெயர் மாறியது. ஆனால் லிவர்பூல் 2020இல் வென்றபோது பத்தொன்பதாவது பட்டம் என்றுதான் உலகமே எழுதியது, முதலாவது என்று எழுதவில்லை. அந்த மரியாதை டாக்காவுக்கு ஏன் கிடையாது? 1957இலிருந்து 2002 வரை வென்றவர்கள் அரைகுறைச் சம்பளத்தில், சேற்றுத் திடலில், சில நேரம் சிறைக்கும் போருக்கும் போய்வந்து ஆடியவர்கள். பங்களாதேஷ் கால்பந்துச் சங்கம் டாக்கா லீக் பட்டங்களையும் தேசிய லீக் பட்டங்களையும் ஒரே பட்டியலில் அதிகாரபூர்வமாகச் சேர்த்து வெளியிட வேண்டும். மொகமதானுக்காக மட்டும் கேட்கவில்லை. வாண்டரர்ஸ், விக்டோரியா, பிரதர்ஸ் யூனியன் என்று இன்றைய ரசிகர்கள் மறந்துபோன எத்தனையோ பெயர்கள் அந்தப் பட்டியலில் வெளிச்சத்துக்கு வரும்.

கிளப்பிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சாம்பியன் ஆன அணி 2025-26 ஏஎஃப்சி சேலஞ்ச் லீக்கில் ஆடியிருக்க வேண்டும். ஆசியக் கூட்டமைப்பின் கிளப் உரிமம் மொகமதானிடம் இல்லை. கிங்ஸும் ஆபாஹனியும் போயின. சாம்பியன் வீட்டில் உட்கார்ந்திருந்தது. பெர்செபோலிஸை வென்ற கிளப்புக்கு, ஆசியாவுக்குள் நுழைய ஆவணங்கள் இல்லை. உரிமத்துக்குக் கேட்கப்படுவது ஒன்றும் வானத்தைக் கொண்டுவரும் வேலை இல்லை: முறையான கணக்குத் தணிக்கை, இளையோர் அணிகள், தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர்கள், விதிகளுக்கு ஏற்ற மைதானம், பாக்கி வைக்காத சம்பளம். சூதாட்ட மேசைகளுக்கு இடம் இருந்த கிளப்பில் இவற்றுக்கும் இடம் இருக்கும். அல்ஃபாஸும் தியாபாத்தேயும் தங்கள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அலுவலக வேலை. அதை அடுத்த பருவத்துக்குள் முடிக்க வேண்டும்.